வராத விஷமும் வழிந்த வியர்வையும்

2025 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி வாக்கில், தாம்பரத்திலிருந்து பயிற்சிக்குக் கிளம்பிய விமானப்படையின் பிலாட்டஸ் பிசி-7 விமானம் ஒன்று நம்ம திருப்போரூர் அருகே விழுந்து நொறுங்கியது. விமானி இருக்கையோடு வெளியே எறியப்பட்டு, பாராசூட்டில் இறங்கிப் பிழைத்துக்கொண்டார். இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தாம்பரத்துப் பயிற்சி விமானங்களின் சத்தம் புதிதல்ல. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கே பாடம் சொல்லித்தரும் பள்ளி 1948-இல் அம்பாலாவில் தொடங்கி, 1954-இல் தாம்பரத்துக்கு வந்தது. எழுபது வருஷமாக நம் தலைக்கு மேலே பாடம் நடக்கிறது. சத்தம் கேட்டால் இப்போதெல்லாம் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

அந்த விபத்துக்குப் பிறகு விமானிகளின் உடுப்பைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். தீப்பிடிக்காத துணியில் தைத்த மேலாடை, ஹெல்மெட், ஆக்சிஜன் முகமூடி, கையுறை, இறுக்கிக் கட்டும் வார்கள். இதில் ஒவ்வொன்றும் விமானி வெளியே எறியப்படும் அந்த ஒரு விநாடியை மனதில் வைத்துத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. எது எதில் மாட்டும், எந்தக் குழாய் தானாகக் கழன்றுகொள்ளும், கழுத்து எவ்வளவு எடை தாங்கும் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு.

இந்த உடுப்புக்கு மேலேயும் உள்ளேயும் சேரக்கூடிய இன்னொரு உடுப்பு இருக்கிறது. ரசாயன ஆயுதத்திலிருந்து காப்பாற்றும் கவசம். அதை மாட்டிக்கொண்ட விமானிகள் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை. கதை கடைசியில் நம்ம ஊர் நெல் வயலில் வந்து நிற்கும். கொஞ்சம் பொறுமையாக வாங்க.

விமானிக்கு எதற்கு இது?

ரசாயன ஆயுதம் என்றால் பதுங்குகுழியும் கால்படையும்தான் நினைவுக்கு வரும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே ஜெர்மானியர்கள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். நாலே நாள் கழித்து, ஏப்ரல் 26 அன்று, அதே களத்தில் லாகூர் டிவிஷனைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள் முன்னேறும்போது அவர்கள் மேலும் வாயு வந்தது. சரியான முகமூடி யாரிடமும் இல்லை. அன்று காட்டிய வீரத்துக்காக விக்டோரியா கிராஸ் பெற்ற ஜமேதார் மீர் தஸ்த், அந்த வாயுவைச் சுவாசித்தவர்களில் ஒருவர்.

விமானி வானத்தில் இருப்பவர்தானே, அவருக்கு என்ன பயம்? பயம் தரையில் இருக்கிறது. ஓடுபாதையில் குண்டு விழுந்து பள்ளம் ஆனால் சில மணி நேரத்தில் நிரப்பிவிடலாம். அதே தளத்தில் மஸ்டர்ட் வாயு என்கிற எண்ணெய் போன்ற திரவத்தைத் தெளித்துவிட்டால், அது வெயிலையும் காற்றையும் பொறுத்து மணிக்கணக்கில், குளிர் நாட்டில் நாள்கணக்கில், அங்கேயே கிடக்கும். விமானம், ஏணி, எரிபொருள் குழாய், குண்டு வண்டி என்று தொட்டதெல்லாம் விஷம். பனிப்போர்க் காலத்தில் நேட்டோ நாடுகள் பயந்தது இதற்குத்தான். போர் மூண்டால் சோவியத் படை முதலில் விமானதளங்களை ரசாயனத்தால் முடக்கும் என்று அவர்கள் கணித்தார்கள். பிரிட்டனிலும் மேற்கு ஜெர்மனியிலும் இருந்த தளங்களில் சைரன் ஊதினால் சமையல்காரர் உட்பட மொத்தத் தளமும் கவசத்துக்குள் போய்விட வேண்டும். பயிற்சிகள் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் நடந்தன.

இன்னொரு காரணம் கண். 1936 டிசம்பரில் ஜெர்மனியின் ஐஜி ஃபார்பன் நிறுவனத்தில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் பூச்சிமருந்து தேடிக்கொண்டிருந்தார். அப்போது கையில் வந்ததுதான் டபுன், உலகின் முதல் நரம்பு விஷம். அடுத்த சில வாரங்களில் அதில் ஒரு துளி ஆய்வுக்கூடத்தில் சிந்தியது. அவருக்கும் உதவியாளருக்கும் கண்ணின் பாவை ஊசிமுனையாகச் சுருங்கிவிட்டது. விளக்கு எரிந்தும் இருட்டாகத் தெரிந்தது, மூச்சு முட்டியது. தேற வாரக்கணக்கானது. 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் பரவியபோதும் பயணிகள் பலர் சொன்னது இதையேதான்: திடீரென்று உலகம் மங்கிவிட்டது.

கொல்லப் போதாத சிறு அளவிலேயே நரம்பு விஷம் பாவையைச் சுருக்கிவிடும். கால்படை வீரருக்கு அது தொந்தரவு. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் மரமட்டத்தில் பறப்பவருக்கோ, அந்தி நேரத்தில் தரையிறங்குபவருக்கோ அது மரணம்.

இங்கேதான் ஒரு முக்கியமான வித்தியாசம் வருகிறது. கால்படை வீரர் முகமூடியைப் பையில் வைத்திருக்கலாம். அபாயம் என்று கத்தியதும் மாட்டிக்கொள்ளலாம். அதற்கு ஒன்பது விநாடிதான் கெடு, அதற்குத்தான் பயிற்சி. விமானியால் அது முடியாது. ஹெல்மெட்டும் ஆக்சிஜன் குழாயும் வார்களும் மாட்டியபின், பறந்துகொண்டே அதையெல்லாம் கழற்றி மாட்ட வழியில்லை. ஆகவே விஷம் வருகிறதோ இல்லையோ, புறப்படும் முன்பே முழுக்க மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் அவஸ்தை முழுவதும் இந்த ஒரு நிபந்தனையிலிருந்து பிறந்தது.

கொட்டாங்குச்சியும் முல்தானி மெட்டியும்

கவசத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் நமக்கு ரொம்பத் தெரிந்த சரக்குதான். முதல் உலகப்போரின்போதே விஷவாயுவைப் பிடித்துவைக்க நல்ல கரி எது என்று தேடினார்கள். மரக்கரியைவிடத் தேங்காய் ஓட்டின் கரி நன்றாக வேலை செய்தது. 1918-இல் அமெரிக்காவில் பீச் பழக் கொட்டைகளையும் தேங்காய் ஓட்டையும் முகமூடிக்காகப் பொதுமக்களிடமிருந்து சேகரித்தார்கள்.

காரணம், கரிக்குள் இருக்கும் நுண்துளைகள். கொட்டாங்குச்சிக் கரியை நீராவியில் சுட்டுப் பதப்படுத்தினால், ஒரு கிராம் கரிக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். நம்ம கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 25 சென்ட், அதாவது நாலரை கிரவுண்டு. ஓஎம்ஆரில் நாலரை கிரவுண்டுக்கு என்ன விலை என்று யோசித்துப் பாருங்கள்; இங்கே அது ஒரு சிட்டிகைக் கரிக்குள் அடங்கியிருக்கிறது! விஷ மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். இன்றைக்கும் காங்கேயம் பக்கம் கொட்டாங்குச்சியிலிருந்து இந்த ஆக்டிவேட்டட் கார்பன் தயாராகிறது. தண்ணீர் சுத்திகரிப்பு முதல் தங்கம் பிரிப்பது வரை அதற்கு வேலை இருக்கிறது.

முகமூடிக்கு மட்டுமல்ல, உடுப்புக்கும் கரிதான். துணியின் உள்ளடுக்கில் கரியை ஏற்றியிருப்பார்கள். காற்று உள்ளே போகும், வெளியே வரும். விஷம் மட்டும் கரியில் தங்கிவிடும். பிரிட்டிஷ் விமானிகள் இந்தக் கரி உடுப்பைப் பறக்கும் மேலாடைக்கு அடியில் போட்டார்கள். அதற்கும் அடியில் வியர்வை உறிஞ்ச நீளமான பருத்தி உள்ளாடை. உடம்பில் பட்ட திரவ விஷத்தை உறிஞ்ச அவர்களிடம் இருந்த பொடி ஃபுல்லர்ஸ் எர்த். நம்ம வீட்டில் முகத்துக்குப் பூசுகிற முல்தானி மெட்டி அதே வகை மண்தான். எண்ணெயை உறிஞ்சும் குணம் இரண்டு இடத்திலும் ஒன்றே.

மாட்டிக்கொள்ளும் படலம்

1980களில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய ஏஆர்-5 என்கிற முகக்கவசத்தை எடுத்துக்கொள்வோம். தலையிலிருந்து தோள்வரை மூடும் ரப்பர் முக்காடு, முன்னால் வளைந்த பாலிகார்பனேட் கண்ணாடி, உள்ளே மூக்கையும் வாயையும் மூடும் ஆக்சிஜன் முகமூடி, கழுத்தில் காற்றுப்புகாத ரப்பர் வளையம். இதற்கு மேலே ஹெல்மெட். அமெரிக்கக் கடற்படையும் பிறகு இதே வடிவத்தைத் தழுவி ஒன்றைச் செய்துகொண்டது.

மூடிய முக்காட்டுக்குள் மூச்சுவிட்டால் கண்ணாடி பனி படரும். அதனால் வடிகட்டிய காற்றைக் கண்ணாடி மேல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். விமானத்துக்குள் ஏறியபின் அங்குள்ள இணைப்பில் செருகிக்கொள்ளலாம். அதுவரை? பேட்டரியில் ஓடும் விசிறிப் பெட்டி ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பெரிய போர்விமானத்தை ஓட்டப் போகிற ஆள், சத்தம் போடும் கைப்பை ஒன்றோடு நடந்துபோகிற காட்சி. அதை அவர்கள் 'விசிலடிக்கும் ஹேண்ட்பேக்' என்று கிண்டல் செய்தார்கள்.

கையில் மூன்று அடுக்கு: உள்ளே பருத்தி, நடுவில் மெல்லிய பியூட்டைல் ரப்பர், மேலே பறக்கும் கையுறை. ஒரு பட்டனுக்கும் பக்கத்துப் பட்டனுக்கும் உள்ள வித்தியாசத்தை விரல் நுனியால் தெரிந்துகொள்ளும் வேலை இவர்களுடையது. வருஷக்கணக்கில் பழகிய அந்தத் தொடுவுணர்ச்சி மூன்று அடுக்குக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. விமானம் வரை நடந்துபோக, மேலே ஒரு பிளாஸ்டிக் போர்வை, காலுக்கு பிளாஸ்டிக் உறை. ஏணியில் ஏறும்போது இரண்டையும் கழற்றிப் போட்டுவிடுவார்கள்.

இது தவிரச் சின்னச் சின்ன விஷயங்கள். உயரத்திலிருந்து இறங்கும்போது காது அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதுவோம் இல்லையா? முக்காட்டுக்குள் மூக்கைப் பிடிக்க முடியாது. அதற்காகவே வெளியிலிருந்து அழுத்தினால் மூக்கை அடைக்கும் அமைப்பைச் சேர்த்தார்கள். தாகத்துக்குத் தனிக் குழாய். சிறுநீருக்கு ஒரு வழியும் சுலபமில்லை. போர்விமானி பிழைப்பதற்குப் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். ரப்பர் முக்காடு கழுத்தோடு சண்டை போடும், பார்வையின் ஓரங்கள் குறுகும்.

திரும்பி வந்தபின் கழற்றுவது இன்னும் பெரிய சடங்கு. திரவ விஷம் இருக்கக்கூடிய பகுதி, ஆவி மட்டும் இருக்கக்கூடிய பகுதி, சுத்தமான பகுதி என்று மூன்று கட்டம். உதவியாளர்கள் ஒவ்வொரு அடுக்காகக் கழற்றிவிடுவார்கள். ஓர் அடுக்கின் வெளிப்புறம் அடுத்த அடுக்கில் பட்டால் எல்லாம் வீண். கொரோனாவின்போது பிபிஇ கிட் கழற்றிய மருத்துவர்களும் செவிலியர்களும் இந்த வரியைப் படித்தால் தலையாட்டுவார்கள். அந்த ஒழுங்குமுறை அவர்களுக்கு அத்துப்படி.

நம்ம ஊர் வெயிலில் ஒரு கணக்கு

மேலே சொன்னதெல்லாம் எரிச்சல் ரகம். ஆளைச் சாய்ப்பது வெப்பம்.

உடம்பு சும்மா இருந்தாலே 100 வாட் அளவுக்குச் சூட்டை வெளியிடும். விமானம் ஓட்டும்போது 150 என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சூட்டை வெளியேற்ற வெயில்காலத்தில் நமக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை ஆவியாவதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுசா ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் சூடு போகும். கவனிக்க: ஆவியானால். உடுப்புக்குள்ளேயே வழிந்து காலுறையில் தேங்கினால் பிரயோஜனம் பூஜ்யம். தண்ணீரும் போச்சு, சூடும் போகல.

70 கிலோ ஆளின் உடம்பு ஒரு டிகிரி செல்சியஸ் ஏற ஏறத்தாழ 245 கிலோஜூல் தேவை. உண்டாகும் 150 வாட்டில் பாதி, அதாவது 75 வாட், வெளியேற வழியில்லாமல் தங்கிவிட்டால் 54 நிமிஷத்தில் உடம்பு ஒரு டிகிரி ஏறிவிடும். பழைய குண்டு பல்பு ஒன்றை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருப்பது மாதிரி. ஒரு டிகிரி என்பது கேட்கச் சிறிதுதான். 37 டிகிரி உடம்புக்கு இரண்டு டிகிரி ஏறினாலே முடிவெடுக்கும் திறன் தடுமாறும். நீர் வற்றிய உடம்பு விமானம் வளையும்போது வரும் அழுத்தத்தையும் குறைவாகத்தான் தாங்கும், சீக்கிரம் கண் இருட்டும்.

1970களின் இறுதியில் அமெரிக்க விமானப்படையின் ஆய்வாளர்கள் ஸ்ட்ரிப்ளி, நன்லி இருவரும் போர்விமானிகளின் வெப்பச் சுமைக்கு ஒரு எளிய குறியீடு உண்டாக்கினார்கள். சுருக்கமாக ஃபிட்ஸ் என்பார்கள். நல்ல வெயில் நாளில் ஈர வெப்பமானி காட்டும் அளவை 0.83-ஆல் பெருக்கு, சாதாரண வெப்பமானி அளவை 0.35-ஆல் பெருக்கு, இரண்டையும் கூட்டி 5.08 சேர். 32-க்கு மேல் எச்சரிக்கை, 38-க்கு மேல் அபாயம். அபாயக் கட்டத்தில் தரையில் காத்திருக்கும் நேரத்தை 45 நிமிஷத்துக்குள் வைக்கச் சொன்னார்கள்.

நம்ம ஊரைப் போட்டுப் பார்ப்போம். மே மாதப் பிற்பகல், வெப்பம் 36 டிகிரி, ஈரப்பதம் 55 சதவீதம் பக்கம். கடற்கரை ஓரத்தில் இது அதிசயமே இல்லாத நாள். ஈர வெப்பமானி சுமார் 28 காட்டும். பெருக்கிக் கூட்டினால் 41. அபாயக் கட்டத்துக்குள் நன்றாகவே நுழைந்துவிட்டோம். ஆனால் இந்தக் குறியீடு மெல்லிய சாதாரணப் பறக்கும் உடுப்புக்குப் போட்ட கணக்கு. கரி உடுப்பும் ரப்பர் முக்காடும் அதில் சேர்த்தியே இல்லை! தரைப்படைக்கான அமெரிக்க விதிப்படி, முழு ரசாயனக் கவசம் போட்டவருக்கு வெப்பக் குறியீட்டோடு 10 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஐந்தரை டிகிரி செல்சியஸ், கூட்டிக்கொள்ள வேண்டும்.

அதோடு, விமானத்துக்குள் குளிர்காற்று நன்றாக வருவது இன்ஜின் ஓடும்போதுதான். கண்ணாடிக் கூரைக்குக் கீழே, கான்கிரீட் தளத்தில், வார்களால் கட்டப்பட்டு, புறப்பட உத்தரவுக்காகக் காத்திருக்கிற நேரம்தான் கொடுமை. ராஜஸ்தான், பஞ்சாப் எல்லைத் தளங்களில் சாதாரண உடுப்போடு அப்படிக் காத்திருப்பதே பெரும் சோதனை.

1991: வராத விஷம்

ஈரான்-ஈராக் போரில் சதாம் உசேனின் படை மஸ்டர்ட் வாயுவையும் டபுனையும் பயன்படுத்தியது உலகத்துக்கே தெரியும். 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜா நகரத்துக் குர்துகள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். ஆகவே 1990 ஆகஸ்டில் சவுதி அரேபியாவில் குவிந்த அமெரிக்க, பிரிட்டிஷ் படைகளுக்கு இது கற்பனைப் பயம் இல்லை. 30 மில்லிகிராம் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையை எட்டு மணிக்கொரு தரம் விழுங்கினார்கள். தொடையில் குத்திக்கொள்ள அட்ரோபின் ஊசி தயாராக இருந்தது.

அந்த ஊசியிலும் விமானிக்கு ஒரு பொறி இருக்கிறது. நரம்பு விஷம் பாவையைச் சுருக்கும், அட்ரோபின் விரிக்கும். விரிந்த பாவையோடு பக்கத்தில் இருக்கும் கருவிகளின் எண்கள் கலங்கித் தெரியும். அட்ரோபின் வியர்வையையும் நிறுத்திவிடும். வெயிலில் கவசத்துக்குள் இருப்பவருக்கு வியர்வையும் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

போர் 1991 ஜனவரி, பிப்ரவரியில் நடந்தது. பாலைவனத்தில் குளிர்காலம். வெப்ப விஷயத்தில் அது அதிர்ஷ்டம். எச்சரிக்கைகள் ஒலித்தன, முகமூடிகள் ஏறின, இறங்கின. ஈராக் ரசாயனத் தாக்குதல் நடத்தியதாக உறுதியான பதிவு இல்லை. ஆனாலும் ரசாயன ஆயுதம் தன் வேலையில் ஒரு பாதியைச் செய்துமுடித்துவிட்டது. எதிரி தன்னிடம் விஷம் இருக்கிறது என்று நம்பவைத்தாலே போதும்; இந்தப் பக்கம் எல்லோரும் கவசத்துக்குள் போவார்கள், எல்லா வேலையும் மெதுவாகும், தவறுகள் கூடும். ஒரு துளி சிந்தாமலே கவசத்தை ஆயுதமாக்கிவிடலாம்.

இதை உணர்ந்தவர்கள் ஆளைக் குளிர்விக்க வழி தேடினார்கள். 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ஃபார்ன்பரோவில், மெல்லிய குழாய்களில் தண்ணீர் ஓடும் உள்ளாடையை விமானிகளுக்காகச் செய்துபார்த்தார்கள். அந்த யோசனை அப்பல்லோ வீரர்களோடு நிலவுக்கே போனது. அமெரிக்கத் தரைப்படை 1990களில் அலபாமாவில் ஹெலிகாப்டர் சிமுலேட்டரைச் சூடாக்கி, விமானிகளை முழுக் கவசத்தோடு உட்காரவைத்துச் சோதித்தது. எல்லோராலும் கடைசிவரை தாக்குப்பிடிக்க முடியவில்லை. அடுத்த பத்தாண்டில் குளிர்நீர் ஓடும் மேலங்கி ஹெலிகாப்டர் விமானிகளுக்கு வந்துசேர்ந்தது.

ராவல்பிண்டியின் அரைக்கால் சட்டை

இந்தக் கதைக்கு நம் பக்கத்தில் ஓர் இருண்ட அத்தியாயம் உண்டு. சூடான நாட்டில் ரசாயன விஷம் எப்படி வேலை செய்யும் என்ற கேள்வி பிரிட்டிஷ் அரசுக்கு வெகு முன்பே வந்துவிட்டது. 1930களின் தொடக்கத்திலிருந்து பத்தாண்டுக்கும் மேலாக, போர்ட்டன் டவுன் ரசாயனப் போர் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் அன்றைய இந்தியாவின் ராவல்பிண்டியில் சோதனைகள் நடத்தினார்கள். நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் மஸ்டர்ட் வாயுவுக்கு ஆட்படுத்தப்பட்டார்கள். சிலரை முகமூடியோடும், அரைக்கால் சட்டை, பருத்திச் சட்டையோடும் வாயு நிரப்பிய அறைக்குள் அனுப்பினார்கள். இந்தியத் தோலுக்கும் பிரிட்டிஷ் தோலுக்கும் பாதிப்பில் வித்தியாசம் உண்டா, போர்க்களத்தில் எவ்வளவு விஷம் தேவைப்படும் என்பதெல்லாம் தெரியவேண்டுமாம். கடும் தீப்புண்களோடு பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். இந்த ஆவணங்கள் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைத்து, 2007-இல் கார்டியன் நாளிதழ் வழியாகத்தான் வெளியே வந்தன.

இரண்டாம் உலகப்போரின்போது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் இதே மாதிரிச் சோதனைகள் நடந்தன. பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் மேஜர் கோரில் தலைமையில் நடந்த அந்த ஆய்வு, வெப்பமண்டலத்தில் மஸ்டர்ட் வாயு பல மடங்கு மோசமாகத் தாக்கும் என்று கண்டது. வியர்த்த தோலில், அக்குளிலும் தொடையிடுக்கிலும், காயம் கடுமையாக இருந்தது. அதாவது கவசம் மிகவும் தேவைப்படுவதும் வெப்பநாட்டில்தான், அதை அணிய முடியாததும் வெப்பநாட்டில்தான்.

இன்றைக்கு

இந்தியா ரசாயன ஆயுத ஒப்பந்தத்தில் 1993 ஜனவரியில் கையெழுத்திட்டு, 1996-இல் உறுதிசெய்தது. கையிருப்பில் 1,044 டன் மஸ்டர்ட் இருப்பதை அறிவித்து, 2009-இல் முழுவதையும் அழித்து முடித்தது. பாதுகாப்புக் கருவிகள் செய்வதை ஒப்பந்தம் தடுக்கவில்லை. குவாலியரில் உள்ள டிஆர்டிஓ ஆய்வகம் கரி ஏற்றிய கவச உடைகளையும் வடிகட்டிகளையும் உருவாக்கிவருகிறது. பெங்களூரில் உள்ள டெபெல் ஆய்வகம் தேஜஸ் விமானிகளுக்கான ஆக்சிஜன் அமைப்பைச் செய்தது. அதே ஊரில் 1957-இல் தொடங்கிய விமானப்படையின் விண்வெளி மருத்துவக் கல்விக்கழகம், நம் நாட்டு வெப்பத்தில் விமானியின் உடம்பு என்ன பாடுபடுகிறது என்று சோதனை அறைகளில் அளந்துவருகிறது. நம் வெயிலுக்கு நாம்தான் கணக்குப் போடவேண்டும். ஐரோப்பியக் குளிரில் அளவெடுத்த உடுப்பு இங்கே சரிப்படாது.

இப்போது வயலுக்கு வருவோம். ஷ்ராடர் தேடியது பூச்சிமருந்து என்று சொன்னேன் இல்லையா? அவர் ஆராய்ந்த ஆர்கனோபாஸ்பேட் குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகள்தான் குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் எல்லாம். நரம்பு விஷத்தைவிட வீரியம் ரொம்பக் குறைவு. ஆனால் உடம்புக்குள் போய்க் கெடுக்கிற இடம் ஒன்றே: நரம்புக்கும் தசைக்கும் நடுவே செய்தியை நிறுத்தும் அதே நொதி. அறிகுறிகளும் அவையே. பாவை சுருங்கும், எச்சில் ஊறும், மூச்சு முட்டும். முறிமருந்தும் அதேதான். பூச்சிமருந்து விஷம் ஏறி அரசு மருத்துவமனைக்கு வருபவர்களுக்குப் போடுகிற அட்ரோபினைத்தான் 1991-இல் விமானிகள் பையில் வைத்திருந்தார்கள்.

மருந்து அடிக்கிற ஆள் என்ன போட்டிருக்கிறார்? லுங்கி, பழைய சட்டை, மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. முதுகில் ஸ்பிரேயர், வெறுங்கால். ராவல்பிண்டிச் சிப்பாய்க்காவது ஒரு முகமூடி கொடுத்தார்கள். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் மருந்து அடித்த விவசாயிகளும் கூலியாட்களுமாக 20 பேர் போல இறந்தபோது, அவர்கள் பாதுகாப்பு உடை அணியவில்லை என்ற பேச்சும் உடனே வந்தது. டப்பாவின் மேல் 'கையுறை, முகமூடி, பாதுகாப்பு உடை அணியவும்' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்தான். மே மாதத்து 41-ஐக் கணக்குப் போட்டவர்கள் நாம். பிளாஸ்டிக் அங்கியை மாட்டிக்கொண்டு, 16 லிட்டர் டாங்கியைச் சுமந்து, சேற்றில் நடந்து, விமானியைவிட இரண்டு மடங்கு சூட்டை உண்டாக்கும் ஒரு உடம்பு எத்தனை நிமிஷம் தாங்கும்?

மிகச் சிறந்த பயிற்சி பெற்ற, உடல்தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்த விமானிகளாலேயே அந்தக் கவசத்தைத் தாங்க முடியவில்லை. அப்போது யாரும் அவர்களை அலட்சியக்காரர்கள் என்று சொல்லவில்லை. உடுப்பில் குறை என்று எடுத்துக்கொண்டு, காற்றை ஊதினார்கள், குழாயில் குளிர்நீர் ஓடவிட்டார்கள், காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பு வைத்தார்கள். அந்த அறிவில் பெரும்பகுதி அறுபது வருஷப் பழசு, விலையில்லாததும்கூட: அதிகாலையில் வேலை, 45 நிமிஷத்துக்கொரு நிழல், நிறையத் தண்ணீர், காற்று புகும் துணி, எளிதில் கழுவும் வசதி. வெயிலில் மருந்து அடிக்கும் கூலியாளின் உடம்பும் அதே 37 டிகிரியில்தான் ஓடுகிறது. இனி யாராவது 'சொன்னா கேக்கமாட்டாங்க சார், போடவே மாட்டாங்க' என்று குறைபட்டால், அதை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நம்ம வெயிலில் நீங்கள் நின்றதுண்டா என்று அவரிடம் கேளுங்கள்.